முக்கோண உருளைக்கிழங்கு

மே 6

வாப்பா நோட்டு, சௌக்கியமா? "சும்மா வாயடிக்காம இதுல எழுதுங்கப்பா" என்று மகள் உன்னைப் பெட்டியில் திணித்துவிட்டாள். என் எழுத்து கோணல்தான், பொறுத்துக்கோ.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த என் வீட்டுக்காரி கொஞ்ச நாள் அடுப்புப் பக்கமே போகக் கூடாதென்று டாக்டர் உத்தரவு. அதற்காகத்தான் இந்த வயல்காட்டு ஓட்டல். விளம்பரப் படத்தில் குளம் இருந்தது. இங்கே பள்ளம்தான் இருக்கிறது. மெத்தை ஈரம். ஜன்னலைத் திறந்தால் சுவர். சாப்பாடு வாயில் வைக்க விளங்கவில்லை. "சமையல்காரர் நாளைக்கு வந்துடுவாரு ஐயா" என்றாள் முதலாளியம்மா. சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

மே 7

சேவல் கூவுகிறது, கோழி ஒன்றைக்கூடக் காணோம். தேடினால் மரத்தில் ஒலிபெருக்கி! எங்களிடம் ஒரு சேவல் இருந்தது, தபால்காரரைக் கண்டால் மட்டும்தான் கூவும் — அது வேற கதை. சேவலிலேயே ஏமாற்றுகிறவர்கள் எதில்தான் ஏமாற்ற மாட்டார்கள்?

ஆனால் மத்தியானச் சாப்பாடு அமிர்தம். சமையல்காரர் வந்துவிட்டார் போல. "அந்தக் கைக்குத் தங்கக் காப்பு போடணும்னு சொல்லுங்கம்மா" என்றேன் முதலாளியம்மாவிடம். என் வீட்டுக்காரிக்குப் புரையேறிவிட்டது.

மே 8

எழுந்து பார்த்தால் அவளைக் காணோம். அப்புறம் வந்து, "நடக்கப் போனேங்க" என்றாள். ஊரெல்லாம் மழை பெய்து கிடக்கிறது. செருப்பில் ஒரு பொட்டு சேறில்லை.

மே 9

முதலாளியம்மாவும் இவளும் ஒரே குசுகுசு. நான் போனால் வாயை மூடிக்கொள்கிறார்கள். டாக்டர் என்னிடம் மறைத்ததை இவளிடம் சொல்லிவிட்டாரோ? அதை இவள் அந்தம்மாவிடம் சொல்லி அழுகிறாளோ?

என்னத்தடி மறைக்கிற? கேக்கவும் பயமா இருக்கு.

மே 10

தட்டிலிருந்த உருளைக்கிழங்கெல்லாம் முக்கோணம். அப்படி நறுக்குகிறவள் எனக்குத் தெரிந்து ஒருத்திதான். எச்சில் கையோடு சமையலறைக்குப் போனேன். கத்தியும் கையுமாக நாற்காலியில் ராணி மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். முதலாளியம்மா அவள் சொல்படி கிண்டிக்கொண்டிருக்கிறாள். சமையல்காரர் வரவே இல்லையாம்.

"டாக்டர் என்னடி சொன்னாரு?"

"நம்ம வீட்டு அடுப்பைத்தான சொன்னாரு!"

"விளையாடாத. உனக்கு என்னமோன்னு உசுரைக் கையில புடிச்சிக்கிட்டுத் திரியறேன்."

கத்தியைக் கீழே வைத்தாள். "எனக்கு ஒண்ணுமில்லங்க. வீட்டுல உப்பு தூக்கல்னு சொல்லத்தான் உங்களுக்கு வாய் வரும். யாரோன்னு நினைச்சதும் தங்கக் காப்பாம்! இன்னொரு வேளை, இன்னொரு வேளைன்னு செஞ்சிட்டேன்."

அவள் வைத்த கத்தியை நான் எடுத்துக்கொண்டேன்.

மே 12

நேற்றே கிளம்பியிருக்கணும். வண்டிக்காரரை அப்புறமா வரச் சொல்லிவிட்டேன். அவள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கக் கூடாது, கத்தி என் கையில்தான் என்று பேச்சு. எனக்கு முக்கோணம் வரவில்லை. "இது என்னங்க, கிழங்கா, செருப்பா?" என்று கேட்டு முதலாளியம்மாவோடு சேர்ந்து சிரிக்கிறாள்.

அந்தத் தங்கக் காப்புப் பேச்சை இன்றைக்குச் சாப்பிடும்போது இவளைப் பார்த்தே எல்லார் முன்னாலும் சொல்லிவிடணும். வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தேன், நல்லாத்தான் வருது — இரு, கூப்பிடுறா.

"ஏங்க, கதையளந்தது போதும்! வெங்காயத்தை உங்க மாமியாரா வந்து உரிப்பாங்க?"

வரேண்டி, இந்த ஒரு வரியை மட்டும்