மான் தொடையைத் தின்ற சாட்சி

அனுப்புநர்:
அர்சுலா தெல்வெல்,
க/பெ. சர் ஆம்புரோஸ் தெல்வெல்,
ஹோல்பர்ன், லண்டன்.

பெறுநர்:
மாண்புமிகு செயலர் அவர்கள்,
அரசியாரின் ஆலோசனைச் சபை,
வெஸ்ட்மின்ஸ்டர்.

பொருள்: என் கணவர் மீதான விஷச் சதிக் குற்றச்சாட்டு – சாட்சியை விசாரிக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. அரசியாரின் மேசைக்கு உணவு ஏந்திச் செல்லும் என் கணவர் இன்று கோட்டைச் சிறையில் இருக்கிறார். வியாழக்கிழமை விசாரணை. தீர்ப்பு பிசகினால் தலை போய்விடும்.

2. ஏந்தி வருபவர் அரசியாரின் முன்னிலையில் ஒரு வாய் தின்று காட்டுவது அரண்மனை வழக்கம். இம்மாதம் இரண்டாம் நாள், மெழுகுவர்த்தித் திருநாளன்று, சுட்ட மான் தொடையில் ஒரு துண்டைக் கடித்த என் கணவர், அதைக் கைக்குட்டையில் துப்பிவிட்டார். இதை நான் மறுக்கவில்லை.

3. அன்று காலைதான் நாவிதர் அவருக்கு இரண்டு கடைவாய்ப் பற்களைப் பிடுங்கியிருந்தார். தலையைப் பிடித்துக்கொண்டவள் நான். "இன்னிக்கு ஒரு நாள் போகாட்டி குடியா முழுகிடும்?" என்று கேட்டேன். "நான் போகலேன்னா பாக்லி தட்டைத் தூக்கிடுவான்டி" என்று உடன் வேலை பார்க்கும் அதிகாரியைச் சொன்னார். போனார். குடி முழுகிவிட்டது.

4. அரசியார் முகம் சுளித்து அந்தத் தட்டை விலக்கினார்கள். மற்றவர்கள் சிரித்தார்கள். விஷம் என்ற பேச்சே அன்று எழவில்லை.

5. மூன்று நாள் கழித்து சர் ஜெர்வாஸ் பாக்லி, என் கணவர் கறியில் வெள்ளைப் பொடி தூவியதைத் தன் கண்ணாலேயே பார்த்ததாகச் சத்தியம் செய்தார். என் கணவரின் பதவி மீது அவருக்கு நெடுநாளாகவே ஒரு கண். அந்தக் கண்தான் பார்த்திருக்க வேண்டும்.

6. அரசியார் விலக்கும் உணவு அதிகாரிகளின் மேசைக்குப் போவதும் அரண்மனை வழக்கமே. அந்த மான் தொடையும் போயிற்று. "எவனும் கை வைக்காதீங்க, தொடை என்னோடது!" என்று அதை இழுத்துக்கொண்டவர் சாட்சாத் பாக்லி அவர்களே. எலும்பைத் தட்டி உள்ளிருந்ததையும் உறிஞ்சினார். மேசையில் இருந்த அனைவரும் சாட்சி சொல்வார்கள்.

7. பொடி தூவியதைப் பார்த்தவர் அதை ஏன் தின்றார்? தின்றவர் ஏன் சாகவில்லை? சபையினர் இவ்விரண்டையும் கேட்டால் போதும். வழக்கறிஞர் எனக்குத் தேவையில்லை.

8. என் கணவரின் ஈறு இன்னும் ஆறவில்லை. சிறை ரொட்டியை மெல்ல முடியாமல் பட்டினி கிடக்கிறார். நான் காய்ச்சும் வாற்கோதுமைக் கஞ்சியை அவருக்குக் கொடுக்க அனுமதிக்க வேண்டுகிறேன். அதில் விஷம் இருக்குமோ என்று காவலர்கள் அஞ்சினால், முதல் கரண்டியைப் பாக்லி அவர்களுக்கே கொடுக்கலாம். அவருக்குத்தான் எதைத் தின்றாலும் ஒன்றும் ஆவதில்லையே.

தங்கள் நீதியை நம்பும்,
அர்சுலா தெல்வெல்

இடம்: லண்டன்
நாள்: 9 பிப்ரவரி 1598