அந்த ஆளுக்கு அங்கே என்ன வேலை

அக்டோபர் 6, 2024
பல்கலைக்கழக மாணவர்களின் கட்டுரைகளைத் திருத்துகிறேன். பேராசிரியர் கொடுத்த கேள்வி: ஓர் ஆலோசகனால் ஒரு பேரரசு விழுமா? ரஷ்யாவின் கடைசி ஜார், அரண்மனைக்குள் வந்த சாமியார் ரஸ்புதின். விழும் என்றுதான் பெரும்பாலோர் எழுதியிருக்கிறார்கள். தாடி, கண்கள், வசியம்.

வசியம் என்பது பதிலா? பதில் தெரியாத இடத்துக்கு வைத்த பெயரா?

அக்டோபர் 13
ஞாயிறு. இந்த அமெரிக்க ஊர்த் தமிழ்ச் சங்கத்தின் பள்ளியில் என் வகுப்பு முடிந்து வெளியே வந்தால், கார் நிறுத்துமிடத்தில் கூட்டம். கலைச் செயலாளர் பதவியிலிருந்து பத்ரியை நீக்கிவிட்டார்கள். போன மாதம் பொருளாளர். எல்லாம் திருமூர்த்தி சொல்லித்தானாம். தலைவர் ஸ்வர்ணா ஆன்டிக்கு அவர் ஆலோசகர். சங்க விதிகளில் அப்படி ஒரு பதவியே இல்லை.

"மேடம் கிட்ட பேசணும்னா அந்த ஆள் கிட்ட அப்பாயின்ட்மென்ட் வாங்கணுமாம்," என்றான் பத்ரி. "நான் என்ன விசா இன்டர்வியூவுக்கா வந்திருக்கேன்?"

வெங்கடகிருஷ்ணன் அங்கிள் குரலைத் தாழ்த்தினார். "டெய்லி ஈவ்னிங் அவன் கார் அவங்க வீட்டு வாசல்லதான் நிக்குது. ஹஸ்பெண்ட் ஹூஸ்டன்ல. அந்த ஆளுக்கு அங்க என்ன வேலை?"

தன் கராஜில் இந்தப் பள்ளியைத் தொடங்கியவர் ஆன்டி. முட்டாள் இல்லை. பிறகு ஏன்?

அக்டோபர் 14
ஜார் போர்முனைக்குப் போகிறார். தலைநகரில் அரசியும் சாமியாரும். ஹூஸ்டன் ஒரு போர்முனையா? தனியாகச் சிரித்துக்கொண்டேன். கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

அக்டோபர் 27
பள்ளிச் சாவியைக் கொடுக்க ஆன்டி வீட்டுக்குப் போனேன். கதவு பூட்டியிருக்கவில்லை.

உள்ளே க்ரிஷ், ஆன்டியின் மகன். எப்போதும் படிக்கிறான், கூச்ச சுபாவம் என்று கேள்விப்பட்டிருந்த பையன். தலையைச் சுவரில் மோதிக்கொண்டிருந்தான். பழக்கப்பட்ட, சீரான மோதல். ஆன்டி கையைச் சுவருக்கும் தலைக்கும் நடுவில் வைத்திருந்தார்.

திருமூர்த்தி தரையில் அமர்ந்து, உணர்ச்சியே இல்லாத அறிவிப்புக் குரலில்: கடற்கரை. கோட்டை. பூங்கா. எழும்பூர். சேத்துப்பட்டு. நுங்கம்பாக்கம்.

தாம்பரம் வருவதற்குள் பையன் அடங்கிவிட்டான். சென்னையையே பார்த்திராதவன். "அகெய்ன், அங்கிள்," என்றான்.

இதுதான் வசியம். மின்சார ரயில்.

நவம்பர் 3
ஆன்டியிடம் கேட்டுவிட்டேன். பையனுக்காகத் திருமூர்த்தி வருகிறார், சரி. பத்ரியை ஏன் நீக்கணும்?

பாத்திரம் கழுவியபடியே சொன்னார். "அவர் சொன்னாரு. நோ சொல்லி, மறுநாள் அவர் வரலைன்னா? டாக்டர், தெரபிஸ்ட் எல்லாரும் பாத்தாச்சும்மா. வேற யாருக்கும் அடங்க மாட்டேங்கறான்."

பிறகு: "ஹம்சா, இது வெளிய போக வேண்டாம். என்னைப் பத்தி என்ன வேணா பேசட்டும். அவனைப் பாவம்னு பாக்கக் கூடாது."

நவம்பர் 10
படித்தது: இளவரசனுக்கு ரத்தம் உறையாத நோய். சாமியார் வந்தால் வலி தணிந்ததாம். அரண்மனை அதை மறைத்தது. குழந்தையின் நோயை மறைத்ததால் மக்கள் கண்ணுக்குச் சாமியார் மட்டுமே தெரிந்தார். அவர் ஏன் அங்கே என்ற காலியிடத்தை அவரவர் விருப்பப்படி நிரப்பினார்கள்.

ஆனால் சாமியார் சொல்லி அமைச்சர்கள் மாறியது வதந்தி இல்லை. பத்ரி நீக்கப்பட்டதும் வதந்தி இல்லை. பையனின் வலியும் உண்மை, இதுவும் உண்மை. இதை எப்படி ஒரே வாக்கியத்தில் எழுதுவது?

டிசம்பர் 8
பொதுக்குழு. நம்பிக்கையில்லாத் தீர்மானம். ஆன்டி தோற்றால் பள்ளியும் அவர் கையை விட்டுப் போகும்.

வெங்கடகிருஷ்ணன் அங்கிள் எழுந்து, "ஒரே கேள்விதான் மேடம். ஏன் அவர்?" என்றார்.

ஆன்டி மைக்கைப் பிடித்தார். பேசவில்லை. திருமூர்த்தி கடைசி வரிசையில் போன் பார்த்துக்கொண்டிருந்தார். ஆன்டி என்னைப் பார்த்தார். கெஞ்சல் இல்லை. எச்சரிக்கை.

ஒரு வாக்கியம் போதும். அரங்கமே இளகியிருக்கும். பாவம் என்றிருக்கும். ஆன்டி வேண்டாம் என்ற அந்தச் சொல்தான்.

நான் சொல்லவில்லை. ஆன்டி தோற்றார்.

டிசம்பர் 9
மௌனம் விசுவாசமா? கோழைத்தனத்துக்கும் அதே முகம்தானே.

ஜனவரி 12, 2025
வாட்ஸப்பில் பொங்கல் விழா அழைப்பிதழ். தலைவர்: வெங்கடகிருஷ்ணன். கலைச் செயலாளர்: பத்ரி. ஆலோசகர்: திருமூர்த்தி.

பத்ரியைக் கூப்பிட்டேன். "ஸ்பான்சர்ஸ் எல்லாம் அவருக்குத்தான் தெரியும், ஹம்சா. பிராக்டிகலா பாரு."

'அந்த ஆள்' 'அவர்' ஆகிவிட்டார். ரஷ்யாவில் சாமியாரை முதலில் கொன்றார்கள். அப்படியும் அரியணை விழுந்தது. ஆலோசகர் பிழைத்து அடுத்த அரண்மனைக்கு நடந்துபோகும் சரித்திரத்தை யாரும் எனக்குக் கற்பிக்கவில்லை.

ஜனவரி 19
மாலையில் ஆன்டியின் அழைப்பு. "அவர் இப்பல்லாம் வர்றதில்ல. பிஸியாம். நீ கொஞ்சம் வர்றியா?"

வாசலில் என் காரை நிறுத்தினேன். எதிர்வீட்டு ஜன்னல் திரை விலகி மூடியது.

தரையில் உட்கார்ந்தேன். கடற்கரை. கோட்டை. பூங்கா. எழும்பூர். மோதல் நிற்கவில்லை. சேத்துப்பட்டு. நுங்கம்பாக்கம். மாம்பலம்.

மோதல் நின்றது.

"கோடம்பாக்கம்," என்றான் க்ரிஷ், கண்ணைத் திறக்காமல். "யூ மிஸ்ட் கோடம்பாக்கம்."

மறுபடி கடற்கரையிலிருந்து தொடங்கினோம். இந்த முறை ஒரு நிலையம் அவன், ஒரு நிலையம் நான்.