வலது பக்கக் கண்ணாடி

மச்சான், உன் பச்சைக் கார் இப்போது கொட்டாஞ்சேனையில், என் சாப்பாட்டு மேசையில் நிற்கிறது. பெட்டியைத் திறந்ததும் அந்தப் புது டயர் மணம் மூக்கில் ஏறியது. உடனே உன் ஞாபகம் வந்தது, கூடவே கோபமும் வந்தது. செத்தவரோடு கோபிக்கலாமா என்று என் மனைவி கேட்கிறாள். உன்னோடு கோபிக்காமல் வேறு யாரோடு கோபிப்பது?

போன வாரம் உன் மனைவி கூப்பிட்டிருந்தார். வெள்ளவத்தை வீட்டைக் காலி செய்துவிட்டு மகளிடம் கனடாவுக்குப் போகிறார். அலுமாரியில் இருந்த மற்றப் பந்தயக் கார்களையெல்லாம் உன் தம்பி எடுத்துக்கொண்டு போய்விட்டானாம். "அண்ணை, இது மட்டும் உங்களுக்கு. அவர் எழுதி வச்சிட்டுத்தான் போனவர்" என்று பெட்டியை நீட்டினார். மேலே ஒட்டியிருந்த துண்டில் உன் கோழிக் கிறுக்கல்: 'உடைச்சவனுக்கு.' என் பெயர்கூட இல்லை. பெயர் எதற்கு? பதினொரு வருஷமாக உன் சொந்தபந்தம் முழுவதற்கும் என்னை அப்படித்தானே தெரியும்!

அந்தச் சனிக்கிழமையை நான் மறப்பேனா? உன் மச்சினன் லண்டனிலிருந்து கொண்டுவந்த கார். ஐம்பதுகளில் ஓடிய பந்தயக் கார், நிஜத்தில் பதினெட்டில் ஒரு பங்கு. ஒரு சாண் நீளம்தான், ஆனால் முழுக்க உலோகம், நல்ல பாரம். கடற்காற்றில் உப்பு வரும் என்று ஜன்னலைச் சாத்தினாய். தூசி பறக்கும் என்று ஃபேனை நிறுத்தினாய். மேசையில் துவாயை விரித்தாய். என்னை இரண்டு தரம் கை கழுவ வைத்தாய். பூசைக்கு எங்கள் பாதர்கூட இவ்வளவு ஆயத்தம் செய்வதில்லை. வியர்த்து ஒழுக ஒழுக நான் நின்றேன்.

காரை எடுத்து என் கையில் வைத்தாய். பத்து எண்ணுவதற்குள் திருப்பி வாங்கினாய். பிறகு ஒரு அலறல்.

"டேய், வலது பக்கக் கண்ணாடி எங்கடா?"

சாரதியின் இரண்டு பக்கமும் உளுந்தளவில் ஒவ்வொரு கண்ணாடி இருக்கவேண்டும். இடது பக்கத்தில் மட்டுந்தான் இருந்தது. டோர்ச் அடித்து நிலமெல்லாம் தவழ்ந்தாய். என் சட்டைக் கையை உதறிப் பார்த்தாய். வாசலில் கழற்றி வைத்திருந்த என் சப்பாத்துக்குள்ளும் பார்த்தாயே, அதை என்ன சொல்ல!

"நான் ஒண்டும் செய்யேல்ல மச்சான்."

"உன்ட கையைப் பற்றி எனக்குத் தெரியும். நீதான் உடைச்சனீ."

அதோடு விட்டாயா? என் மகளின் கலியாணத்தில், சம்பந்தியிடம்கூட, "இவர்தான் என்ட காரை உடைச்ச மனுசன்" என்று என்னை அறிமுகப்படுத்தினாய். கடைசியாக ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் அதே கதை. "மச்சான், இப்பவாவது சொல்லு. நீதானே?" என்றாய். சிரித்துக்கொண்டுதான் கேட்டாய். ஓம் என்று சொல்லியிருந்தால் எனக்கு என்ன குறைந்திருக்கும்? "இல்லையெண்டா இல்லைதான்" என்று முறுக்கிக்கொண்டு எழும்பி வந்துவிட்டேன். மூன்றாம் நாள் நீ இல்லை.

இனித்தான் கேள். நேற்று அந்தப் பெட்டிக்குள், கார் அடிபடாமல் பதித்து வைக்கும் வெள்ளை ரெஜிஃபோம் கட்டியை வெளியே இழுத்தேன். நீ ஒருபோதும் செய்யாத காரியம். அதை இழுத்தால் பெட்டியின் வாய் கசங்கும், பெட்டி கசங்கினால் காரே பாழ் என்பது உன் சட்டம். எனக்கு என்ன பெட்டி, பிடித்து இழுத்தேன். அடியிலிருந்து என்னவோ மேசையில் விழுந்தது. கண்ணாடி! லண்டனிலிருந்து வரும் வழியிலேயே கழன்று, அந்தக் கட்டியில் டயர் பதியும் துளை வழியாகக் கீழே போய்க் கிடந்திருக்கிறது. மடையா, என் சப்பாத்துக்குள் தேடியவன் உன் பெட்டிக்குள் தேடவில்லையே!

நான் போட்ட சத்தத்தில் மனைவி அகப்பையோடு ஓடி வந்தாள். "பார், நான் உடைக்கேல்ல!" என்றேன். "சரி, இப்ப ஆரிட்டச் சொல்லப் போறீங்க?" என்றாள். போனைக் கையில் எடுத்துவிட்டேன் மச்சான். உன் நம்பர் இன்னும் அதில் இருக்கிறது. வைத்துவிட்டேன்.

பிறகு ஜன்னலைச் சாத்தினேன், ஃபேனை நிறுத்தினேன், துவாயை விரித்தேன், இரண்டு தரம் கை கழுவினேன். உன் காரை முழுசாக்கிவிடவேண்டும் என்று ஒரு ஆசை. சாவணத்தால் கண்ணாடியைப் பிடித்து, அதன் மயிரளவு காம்பைத் துளைக்குள் வைத்து விரலால் அழுத்தினேன். பலம் கொஞ்சம் கூடிவிட்டது. காம்பு முறிந்து துளைக்குள்ளேயே நின்றுவிட்டது. கண்ணாடி மட்டும் என் விரலில் ஒட்டிக்கொண்டிருந்தது.

அதை இப்போது என் பர்சுக்குள், மாதா படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். இனி எங்கே போனாலும் என்னோடு வரும். நீ கட்டிலில் கிடந்து கேட்டதற்கு இன்றைக்குத்தான் பதில் சொல்ல முடிகிறது. ஓம் மச்சான், நான்தான் உடைச்சனான்.