கைக்குப் பொருந்தாத பட்டை

மார்ச் 3, செவ்வாய்

ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் உடல் தகுதிச் சோதனை. டாக்டர் அறை டிப்போ மாடியில். பதினெட்டுப் படி ஏறி, மூச்சு வாங்க உட்கார்ந்த உடனே பிரஷர் பார்த்தார்கள். கம்பவுண்டர் என் கையில் சுற்றிய பட்டை இரண்டு முறை பிய்த்துக்கொண்டு வந்தது. மூன்றாவது முறை அதை அவரே அழுத்திப் பிடித்துக்கொண்டார். 162. நூற்றைம்பதைத் தாண்டினால் பஸ் ஓட்ட விடமாட்டார்கள்.

"இருபது நாள் டைம் தர்றேன். எடையைக் குறைச்சிட்டு வாங்க," என்றார் டாக்டர். போன வருஷம் காதுவலி என்று போனபோதும் இதையேதான் சொன்னார். காதிலுமா கொழுப்பு?

எடை 104. கம்பவுண்டர் அதை ஏலம் விடுவது போல் சொல்ல, வராந்தாவில் நின்ற அத்தனை டிரைவர்களும் கேட்டார்கள். பதினான்கு வருஷமாக ஒரு கீறல் இல்லாமல் வண்டி ஓட்டுகிறேன். அதை ஒருநாளாவது யாராவது சத்தம் போட்டுச் சொன்னதுண்டா?

மார்ச் 6, வெள்ளி

மூன்று நாளாக மத்தியானச் சாப்பாடு இல்லை. ராத்திரி ஒரு ஆப்பிள். "ஏம்மா சாப்பிடல?" என்று மகள் கேட்டாள். பசியில்லை என்றேன். பொய் சொல்ல மட்டும் தெம்பு இருக்கிறது.

மார்ச் 10, செவ்வாய்

இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் வண்டியை நிறுத்திய பிறகு கண் இருட்டியது. நிறுத்திய பிறகுதான் – அந்தப் புண்ணியம் யார் செய்ததோ. கண்டக்டர் பார்த்துவிட்டார். வண்டியை எடுக்க விடவில்லை. மாற்று டிரைவர் வரும்வரை பக்கத்திலேயே நின்று, தன் பையிலிருந்த பன்னைக் கொடுத்துச் சாப்பிட வைத்தார்.

"அக்கா, பட்டினி கெடந்து சாகணும்னா அது உங்க இஷ்டம். பின்னாடி நாப்பது பேரு உக்காந்திருக்கோம். எங்களைக் கேட்டீங்களா?"

அழுதேன். திட்டி முடித்தவர், சுகாதார நிலையத்தில் உடல் பருமனுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது, அவருடைய அண்ணி அங்கேதான் போகிறார் என்று விலாசம் எழுதிக் கொடுத்தார். அவர் நன்றாக இருக்கட்டும்.

மார்ச் 13, வெள்ளி

போனேன். முதலில் கண்ணில் பட்டது நாற்காலிதான். கைப்பிடி இல்லை! உட்கார்ந்தால் இடுப்பை இறுக்கவில்லை, எழுந்தால் கூடவே வரவில்லை. எடை பார்க்கும் மெஷின் கதவுக்குப் பின்னால். எண்ணை யாரும் கத்தவில்லை, எழுதிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

நர்ஸ் என்னை ஐந்து நிமிஷம் சும்மா உட்காரச் சொன்னார். பிறகு மேல்கையைத் தையல்காரர் மாதிரி டேப் வைத்து அளந்தார்.

"டிப்போல எந்தப் பட்டையில பார்த்தாங்கம்மா?"

"எல்லாருக்கும் பார்க்கற அதே பட்டைதான். மாடி ஏறின உடனே பார்த்தாங்க."

"பெரிய கைக்குச் சின்னப் பட்டை போட்டா பிரஷர் கூடுதலாத்தான் காட்டும். படியேறின கையோட பார்த்தா இன்னும் ஏறும்."

அகலமான பட்டையில் 138. மறுபடியும் பார்த்தார். 136. எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. விரல் நுனியில் குத்திச் சர்க்கரையும் பார்த்தார்.

"ரொம்பச் சந்தோஷப்படாதீங்க, சர்க்கரை எல்லைக்கோட்டுல நிக்குது. அது நிஜம்," என்றார். அதையும் ஒளிக்காமல் சொன்னது எனக்குப் பிடித்தது. வேலையைப் பற்றிக் கேட்டார். ஒன்பது மணி நேரம் உட்கார்ந்தே இருப்பது, பன்னிரண்டு நிமிஷ இடைவேளை, ஸ்டாண்டில் கிடைப்பதெல்லாம் பொரித்த தீனி, கழிப்பறை இல்லாததால் தண்ணீரே குடிக்காதது – எல்லாம் சொன்னேன்.

"அப்புறம் எப்படிம்மா உங்க வாயை மட்டும் குத்தம் சொல்றது?"

நாற்பத்தாறு வயதில் முதல்முறையாக ஒருவர் இப்படிக் கேட்கிறார். அங்கேயே உட்கார்ந்து மூக்கைச் சிந்தினேன்.

மார்ச் 14, சனி

மூன்று வேளையும் சாப்பிட்டேன். யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

லாண்டரியில் நாளெல்லாம் இஸ்திரி போட்டுக் கை ஓய்ந்து வருகிற என் வீட்டுக்காரர், எனக்காக அரை மணி முன்னால் எழுந்து கடலையும் காய்கறியும் வேகவைத்து டப்பாவில் போட்டுத் தருகிறார். உப்பு மட்டும் எங்கே போனதென்று தெரியவில்லை. கேட்டால், "நர்ஸம்மா உத்தரவு" என்கிறார். இவரைக் கட்டிக்கொண்டதற்கு நான் எங்கே போய் நன்றி சொல்வது!

மார்ச் 23, திங்கள்

நர்ஸ் கொடுத்த கடிதத்தையும் இரவல் தந்த அகலப் பட்டையையும் எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். ஐந்து நிமிஷம் உட்கார்ந்த பிறகே கையை நீட்டினேன். கம்பவுண்டர் முறைத்தார். முறைக்கட்டும்.

138. டாக்டர் இரண்டு பட்டைகளையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பத்து வருஷமா இந்த ஒண்ணை வச்சுத்தான் பார்க்கறேன்," என்றார். பிறகு, "தப்பு என்னோடதும்மா."

கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். கால் நகரவில்லை. டிப்போ கேட்டில் நிற்கும் அண்ணன் ஞாபகம் வந்துவிட்டது. இருபது வருஷம் ஓட்டிய டிரைவர். மாத்திரை போட்டும் பிரஷர் இறங்கவில்லை என்று ஸ்டியரிங்கிலிருந்து இறக்கி, கேட் திறக்கிற வேலையில் போட்டு இரண்டு வருஷம். அவர் கை என் கையைவிடப் பெரிது.

"டாக்டர், இன்னும் ஒருத்தரு இருக்காரு."

"கூட்டிட்டு வாங்க."

அவருக்கு 140. மாத்திரை ஒழுங்காகத்தான் வேலை செய்திருக்கிறது. அண்ணன் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் சட்டைக்கையை இறக்கிவிட்டுக்கொண்டே இருந்தார். "ரெண்டு வருஷம், தங்கச்சி," என்றார்.

ஏப்ரல் 8, புதன்

எடை 103. ஒரே ஒரு கிலோ. இடைவேளையை நீட்டச் சொல்லி டிரைவர்கள் எல்லாரும் சேர்ந்து எழுதிய மனுவுக்கு மேனேஜர் "பார்க்கலாம்" என்றிருக்கிறார். பார்க்கட்டும், நாங்களும் விடப்போவதில்லை.

காலை ஐந்தரைக்கு வண்டியை எடுத்தேன். கேட் மூடியிருந்தது. ஹாரன் அடித்தேன், ஆளைக் காணோம். பின்னாலிருந்து இன்னொரு ஹாரன். கண்ணாடியில் பார்த்தேன். பதினேழாம் நம்பர் வண்டியில் அண்ணன், காக்கிச் சட்டையில்.

இறங்கிப் போய் நானே கேட்டைத் திறந்தேன். இரண்டு கதவையும்.