ஏழாவது செய்தியில் மழை

எங்கே இருந்தாலும் என் குரல் கேட்டால் திரும்பிப் பார்க்கும் அப்பாவுக்கு,

எனக்கு எண்பது தாண்டிவிட்டது. வயதில் உங்களையே முந்திவிட்டேன். இருந்தும் உங்களிடம் சின்னப் பிள்ளையாகத்தான் பேச வருகிறது, போங்கள்.

யுத்தத்தில் நீங்கள் மலேயாவில் ஜப்பான்காரரிடம் வயர்லெஸ் கற்று, உளவு சொல்ல நம் கடற்கரையில் ரகசியமாக இறங்கியதும், வெள்ளைக்காரர் பிடித்து அதே கருவியில் பொய்ச் செய்தி அனுப்ப வைத்ததும் ஊருக்கே தெரியும். அதை நம்பி வந்த உங்கள் கூட்டாளி, ஓமலூர் முத்துசாமியைத் தூக்கில் போட்டார்கள். நீங்கள் உயிரோடு ராசிபுரம் திரும்பினீர்கள். "காட்டிக் குடுத்தவன் புள்ள" என்று பள்ளிக்கூடத்தில் என்னைச் சொன்னபோதும் ஒரு வார்த்தை பேசினீர்களா? வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தீர்கள்?

போன மாதம் உங்கள் பேரன் செந்தில், டெல்லி ஆவணக் காப்பகத்திலிருந்து உங்கள் வாக்குமூலத்தையும் செய்திகளையும் நகலெடுத்து வந்தான். உங்களுக்கும் கூட்டாளிகளுக்கும் ஓர் ஏற்பாடு இருந்ததாமே, எல்லாம் முடிந்தபின்தான் வாக்குமூலத்தில் சொன்னீர்களாமே! பிடிபடாமல் இருந்தால், செய்தியின் முடிவில் மழையைப் பற்றி ஒரு வரி வர வேண்டும். மழை இல்லாவிட்டால், ஆள் மாட்டிக்கொண்டான், யாரும் வராதீர்கள் என்று அர்த்தம்.

"அம்மா, புடிச்சதுக்கப்புறம் தாத்தா அனுப்புன ஆறு செய்தியிலயும் மழை இல்லீங்க. வெள்ளைக்காரன் பக்கத்துலயே உக்காந்திருந்தும் எச்சரிச்சிருக்காருங்க!"

அய்யோ அப்பா, எப்படி அழுதேன் தெரியுமா!

"ஏழாவதுல மழை இருக்குதுங்கம்மா," என்றான் மெதுவாக. அதற்குப் பிறகுதான் முத்துசாமி படகில் வந்திருக்கிறார்.

அந்த ஏழாவது செய்திக்கு முந்தின நாள் போலீஸ், அம்மாவையும் கைக்குழந்தையான என்னையும் உங்கள் முன் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. நீங்கள் மலேயா போனபோது நான் அம்மா வயிற்றில். என் முகத்தை அன்றுதான் முதலில் பார்த்தீர்கள். "உன்னைய வாங்குனவரு திருப்பிக் குடுக்கவே இல்லடி. ரெண்டு போலீசு சேந்துதான் பிரிச்சாங்க," என்று அம்மா சொல்வாள்.

எங்களை என்ன செய்வதாக மிரட்டினார்கள்? இல்லை, யாரும் மிரட்டாமலே உயிர்மேல் ஆசை வந்துவிட்டதா? நீங்கள் யார் பக்கம் அப்பா? ஊர் திரும்பியபின் ஒரு தரம்கூட என்னை மடியில் வைத்ததில்லை. "போ சாமி, அம்மாகிட்டப் போ," என்பீர்கள். அந்த மடிக்கு இன்றைக்கும் ஏங்குகிறேன்.

முத்துசாமியின் மகள் ஓமலூரில் இருக்கிறாள். என் வயதுதான், அப்பா முகத்தைப் பார்த்ததே இல்லை. வரும் வெள்ளிக்கிழமை போகிறேன். ஆறு செய்திகளை மட்டும் காட்டினால் போதும் என்கிறான் செந்தில். மாட்டேன். ஏழாவதையும் அவள் கையில் கொடுத்து, "இது எங்கப்பா எனக்காக அனுப்புனதுங்க," என்பேன். அவள் கதவைச் சாத்தினாலும் சரி, சொல்லிவிட்டுத்தான் வருவேன்.

உங்களை விட்டுக்கொடுக்காத, உங்களுக்காகப் பொய்யும் சொல்லாத மகள்,
சரஸ்வதி