குலுக்கல் பெட்டியில் போட்ட கேள்வி

மே 7, வியாழன்

வெயில். இதனால் சகலருக்கும் அறிவிப்பது: இன்று காலை எட்டு மணியளவில் எனது இடது கால் செருப்பு வார் அறுந்து காலமானது. வலது கால் செருப்பு ஆழ்ந்த துயரத்தில்.

அடுத்த செய்தி. அக்கா கல்யாண நகை ஆர்டர் கொடுக்க மலைக்கோட்டைப் பக்கம் ஒரு கடைக்கு எல்லோரும் போனோம். தாலியும் ஆரமும் பத்து நாளில். கூடவே எட்டுக் குலுக்கல் கூப்பன், முதல் பரிசு ஸ்கூட்டர். "நீ எழுதிப் பெட்டில போடுடா" என்று அப்பா என்னிடம் கொடுத்தார். தப்பான ஆள்.

போன வாரம் ஒரு வீடியோ. தங்கம் தோண்டும் குழியில் என் வயசுப் பையன், மண்ணிலிருந்து தங்கம் பிரிக்க வெறுங்கையால் விஷப் பாதரசம் பிசைகிறான். எனக்கு எதிலும் ஜோக் வரும். அதில் வரவில்லை.

ஆகவே எட்டிலும் பெயருக்குப் பதில் எழுதினேன்: "இந்தத் தங்கம் எந்தச் சுரங்கத்துடையது? தோண்டியது யார்? விசாரித்துச் சொல்லிவிட்டு விற்கவும்." வீரன் நான்.

சாயங்காலம் முபாரக்கிடம் பீற்றிக்கொண்டேன். சிநேகிதன், சிரிப்பான் என்று பார்த்தால், "கூப்பன்ல நம்பர் இருக்குமேடா. உங்க பில்லுல எழுதியிருப்பாங்க."

பில்லைப் பார்த்தேன். எட்டு நம்பரும், அப்பா பெயருக்கு நேர் கீழே.

மே 8, வெள்ளி

புழுக்கம். பயப் பட்டியல்:
1. ஆர்டரை ரத்து செய்வார்கள்.
2. கல்யாணம் 24ந் தேதி. அக்கா அழுவாள்.
3. அப்பா.
4. மறுபடியும் அப்பா.

மத்தியானம் கடையிலிருந்து போன். அப்பா அம்மாவிடம்: "ஞாயித்துக்கிழமை குலுக்கலுக்குக் குடும்பத்தோட வரணுமாம்." எதற்குக் குடும்பத்தோடு? பில்லை மறுபடி எடுத்துப் பார்த்தேன். இரண்டு முறை.

மே 10, ஞாயிறு

முடிந்தது.

கடை நிறையக் கூட்டம். மேனேஜர் மைக்கோடு முதல் சீட்டை எடுத்தார், பார்த்தார், மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். மறுபடி பெட்டிக்குள் கை.

அக்கா முன்வரிசையில். "சார், அது யாரோடது?"

"செல்லாத சீட்டும்மா."

"பரவால்ல, படிங்க சார்."

படித்தார், நம்பரோடு. நகைக்கடையில் ஒருவரும் நகைக்கவில்லை. அப்பா பையிலிருந்து பில்லை எடுத்துப் பார்த்தார். பிறகு என்னை.

அக்கா விடவில்லை. "சரியாத்தானே கேட்டிருக்காங்க. என் தாலி எங்கேருந்து சார் வருது?"

"மொத்த வியாபாரிகிட்டேருந்து வருதும்மா. அதுக்கு மேல நாங்க கேட்டதில்ல."

"கேட்டு எழுதிக் குடுங்க. அப்புறம்தான் வாங்கிப்பேன்."

அம்மா அவள் கையைக் கிள்ளினாள். "தாலி விஷயத்துல ஏண்டி வம்பு?"

பின்னாலிருந்து ஒரு அம்மாள்: "எனக்கும் எழுதிக் குடுங்க சார்."

வெள்ளிக்கிழமைக்குள் பதில் என்றார் மேனேஜர். முகம் சரியில்லை. பதில் வராவிட்டால்? அக்கா பிடிவாதக்காரி. தாலி இல்லாமல் மணமேடையா?

பஸ் காவிரிப் பாலம் தாண்டும்போது அப்பா பில்லை மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு, "வெள்ளிக்கிழமை நீயும் கூட வர்ற. முன்னாடி நிக்கிற."

மைக்கைப் பிடுங்கி நானே கேட்டதாக முபாரக்கிடம் சொல்லிவிட்டேன். நான் நின்றது தண்ணீர் கேனுக்குப் பின்னால். இன்னொன்று. எட்டிலும் எழுதினேன் என்றேனே, எழுதியது ஒன்றில்தான். மற்ற ஏழிலும் பெயர், விலாசம், அச்சடித்த மாதிரி. ஸ்கூட்டர் வேண்டியிருந்தது.