நாலு வருஷம் எட்டு மாசம்

ஊரப்பாக்கம்,
12.8.2024

ஹேமாவதிக்கு,

போனில் பேசினால் சண்டைதான் வருகிறது. அதனால் எழுதுகிறேன். உன் சீட்டுப் பணம் எண்பதாயிரத்தை உன்னைக் கேட்காமல் அண்ணன் வண்டி வாங்கக் கொடுத்தேன். அவர் வீட்டுக்கே போ என்றாய். வந்துவிட்டேன். இந்த மாதக் கடைசியில் கம்பெனியை விட்டு நிற்கப்போகிறேன். இரண்டு கம்பெனி பி.எஃப். பணத்தையும் எடுத்து உன் எண்பதாயிரத்தைத் தந்துவிடுகிறேன். அதோடு உனக்கும் எனக்கும் ஒன்றும் இல்லை. என் ஆதாரில் உன் போன் நம்பர்தான் இருக்கிறது. ஓ.டி.பி. வந்தால் சொல்.

மோகன்ராஜ்


பல்லாவரம்,
17.8.2024

வேலையை விடப்போகிற என் மாமாவுக்கு ஹேமா எழுதுவது.

நான் இங்கே நலம். அண்ணி வைக்கிற ரசத்தைக் குடித்துவிட்டு நீ எவ்வளவு நலமாக இருப்பாய் என்று எனக்குத் தெரியும். ஐந்தாவதோடு நின்றவளை உட்கார்ந்து கடிதம் எழுத வைத்துவிட்டாய். எங்கள் டீச்சர் பார்த்தால் உனக்கு மாலை போடுவார்.

எங்கள் செருப்புக் கம்பெனி எதிரே பி.எஃப். வேலை முடித்துக் கொடுக்கிறாரே டேனியல் சார், அவரிடம் உன் கடிதத்தைக் காட்டினேன். 'ஒன்றும் இல்லை' என்கிற வரியை மட்டும் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டேன்.

"இன்னாமா, உன் வூட்டுக்காரரு கவர்மெண்டுக்கு நன்கொடை குடுக்கப் போறாரா?" என்றார்.

பழைய கம்பெனியில் உனக்கு மூன்று வருஷம் இரண்டு மாசம். இதில் ஒன்றரை வருஷம். ஆக நாலு வருஷம் எட்டு மாசம். ஐந்து முடியாமல் எல்லாவற்றையும் எடுத்தால் அந்தப் பணத்துக்கு வரி உண்டாம். உன் இரண்டு கணக்கிலும் இருக்கிற ஒன்றரை லட்சத்தில் பதினைந்தாயிரத்தைப் பிடித்துக்கொண்டுதான் கையில் தருவார்களாம். பான் நம்பர் ஏற்றாவிட்டால் முப்பதாயிரம். நீ எங்கே ஏற்றினாய்? கார்டு என் பீரோவில் தூங்குகிறது. அதிகமாகப் பிடித்திருந்தால் பிறகு எழுதிப் போட்டுத் திரும்ப வாங்கலாமாம். கண்டக்டரிடம் பாக்கி ஐந்து ரூபாய் கேட்கவே கூச்சப்படுகிற ஆள் நீ. நீயா வாங்கப் போகிறாய்?

"ரெண்டு கணக்கையும் ஒண்ணா சேத்துடச் சொல்லு. சர்வீசும் ஒண்ணா ஆயிடும். நாலு மாசம் பல்லக் கடிச்சிகினு இருந்தா அப்பால ஒரு பைசா வரி கெடையாது" என்கிறார்.

அதனால் மாமா, என்னை விட்டுப் போவதாக இருந்தால் தாராளமாகப் போ. வரி கட்டிவிட்டுப் போகாதே. டிசம்பர் முடிந்ததும் முழுசாகப் போ.

கணக்கைச் சேர்க்க ஓ.டி.பி. கேள், தருகிறேன். எடுக்கக் கேட்டால் என் போனில் சார்ஜ் இருக்காது. பான் கார்டை இதோடு வைத்திருக்கிறேன்.

உன் மாமன் மகள்,
ஹேமா


ஊரப்பாக்கம்,
20.9.2024

ஹேமாவுக்கு,

கணக்கு சேர்ந்துவிட்டது. பான் ஏற்றியாகிவிட்டது. அன்று போனில் ஆறு நம்பரையும் சொல்லிவிட்டு, "சாப்டியா?" என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாய். சாப்பிட்டேன்.

ஒரு விஷயம். பழைய கணக்கில் செத்துப்போன அம்மா பெயர்தான் நாமினியாக இருந்தது. தீனா அண்ணன் பெயரைப் போடச் சொன்னேன். ஆபீஸில் ஸ்நேகா என்று ஒரு பெண் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு, "கல்யாணம் ஆனவங்களுக்கு அண்ணன் ஃபேமிலில வரமாட்டாரு சார். உங்க வைஃப் பேரு சொல்லுங்க" என்றாள். பிறகு வருகிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். அண்ணனிடம் சொன்னால், "அப்ப நான் யார்டா?" என்கிறார்.

டிசம்பர் வரை வேலையில் இருக்கிறேன். வரிக்காகத்தான்.

மோகன்


பல்லாவரம்,
26.9.2024

வரிக்காக மட்டும் வேலைக்குப் போகிற மாமாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து மிஷின்காரி ஊசியை உடைத்துக்கொண்டாள். அண்ணன் வேறு, குடும்பம் வேறு என்று இருபது வருஷமாக நான் தொண்டை கிழியச் சொன்னதைக் கம்ப்யூட்டர் ஒரே தட்டில் சொல்லிவிட்டதே! பாவம் உன் அண்ணன், பெரிய மாமா. அவரை ஒன்றும் சொல்லாதே. வண்டி ஓடட்டும், பணத்தை அவர் மெதுவாகத் தரட்டும்.

இப்போது சிரிக்காமல் ஒன்று எழுதுகிறேன். பணம் போனதற்காக நான் கத்தவில்லை. ஜோடி ஜோடியாகத் தைத்துச் சேர்த்ததை என்னை ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்தாயே, அதற்குத்தான் கத்தினேன். கேட்டிருந்தால் நானே கொடுத்திருப்பேன். இரண்டு திட்டு திட்டியிருப்பேன், அது வேறு.

ஜனவரியில் நீ பணத்தை எடுத்துக்கொண்டு வந்தால் எண்ணி வாங்கிக்கொள்வேன். வராவிட்டாலும் நான் இளைத்துவிட மாட்டேன். நீதான் இளைப்பாய், அண்ணி ரசத்தில்.

ஹேமா


ஊரப்பாக்கம்,
3.1.2025

அன்புள்ள ஹேமாவுக்கு,

ஐந்து வருஷம் முடிந்துவிட்டது. இனி வரி இல்லை. வேலையை விடுவதாக எழுதி, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் இன்று ஆபீஸுக்குப் போனேன். அதைக் கொடுக்கவில்லை. நாமினிக்கு உன் பெயரைச் சொன்னேன்.

உன் போட்டோ வேண்டும் என்றாள் ஸ்நேகா. என் பர்ஸில் நம் கல்யாணப் போட்டோதான் இருந்தது. "சார், உங்கள கட் பண்ணிட்டு அவங்கள மட்டும் ஏத்திடவா?" என்றாள். வேண்டாம்மா என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். உன்னைத் தனியாக ஒரு போட்டோ எடுக்க வேண்டும்.

அந்தப் பணத்தை எடுக்கலாமா, அப்படியே விட்டுவைக்கலாமா? நீயே சொல்.

உன் மாமா,
மோகன்